ஸ்க்ரூ கழன்றதற்கு அழாதே, மலர்

மலர் கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. ராக்கெட்டில் போவது மாதிரி குலுக்கிப் பார்க்கிற வைப்ரேஷன் டெஸ்ட்டில் ஒரு ஸ்க்ரூ கழன்றுவிட்டது, சாட்டிலைட்டை மறுபடி பிரிக்கணும்ப்பா என்று சொல்லும்போதே உனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்பத்தூரில் 30 வருஷம் அசெம்பிளி பார்த்தவன் நான். என் கையால் மாட்டிய ஸ்க்ரூவும் ஒருநாள் கழன்றது, யாரிடமும் சொல்லாமல் இறுக்கிவிட்டு வந்தேன், இரண்டே மாதத்தில் அந்த மெஷின் திரும்பி வந்து நின்றது. நீ அன்றைக்கே சொல்லிவிட்டாய். மேலே போன பிறகு கழன்றிருந்தால் யார் போய் இறுக்குவது?

பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். போட்டோவில் காட்டினாயே, எலக்ட்ரானை அளக்கிற லாங்மியூர் புரோப், தங்கமுலாம் பூசிய அந்தக் குட்டி உருண்டை, அதில் கைரேகை ஒன்று பட்டால்கூட எலக்ட்ரான் கணக்கு தப்பாகிவிடும் என்று நீதானே சொன்னாய். க்ளவுஸ் கை தெரியாமல் முகத்தில் பட்டால் உடனே வேறு ஜோடி மாற்று. ஸ்க்ரூவை இறுக்கி, மறுபடி கழலாமல் இருக்கப் பசை வைத்ததும் இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லி, இரண்டு பேருமே கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் டெஸ்ட்டை முதலிலிருந்து ஓட்டுங்கள், நாள் இல்லை என்று யார் சொன்னாலும் பாதியில் விடாதே.

1994 மே 4 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஸ்ராஸ்-சி2 சாட்டிலைட் போனது, நீ பிறப்பதற்கு முன்னால். உன்னுடையது போலவே அயனி மண்டலத்தில், அதாவது வெயில் பட்டு மின்னூட்டம் ஏறிய மேல்வானக் காற்றில், எலக்ட்ரான், அயனிகளின் வெப்பத்தை அளக்கிற கருவி அதில் இருந்தது. 2001 வரை சுற்றியது. அதற்குள்ளும் யாரோ இப்படித்தான் ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கியிருப்பார்கள், இல்லையா?

பூமியின் காந்தம் தரைக்குச் சமமாகப் படுத்திருக்கிற காந்த நடுக்கோடு நம்ம ஆச்சி ஊர் திருநெல்வேலிப் பக்கம்தான் போகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. 1963இல் நம்ம நாட்டிலிருந்து முதல் ராக்கெட் விடக் கேரளத்துத் தும்பாவைப் பிடித்ததும் அதனால்தானாமே. பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பி ஜிபிஎஸ் சிக்னலைக் குலைத்துவிடும் என்றாய். காசிமேட்டிலிருந்து ராத்திரியில் படகு எடுக்கிறவர்கள் அந்த ஜிபிஎஸ்ஸை நம்பித்தான் வலை போட்ட இடத்துக்குத் திரும்பிப் போகிறார்கள். நீ அளக்கப்போவது அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைத்தான் அம்மா.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சல் போட்டிருக்கிறாள். கிளீன் ரூமுக்குள் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டார்கள் என்றாயே, சாப்பிட்டுவிட்டு உள்ளே போ. டெஸ்ட் முடிந்ததும் எந்நேரமானாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அப்பா