படிக்கட்டில் இட்ட கரிக்கோடுகள்

சைதாப்பேட்டை, சென்னை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வாய்க்கால் கரையில் நடக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததில் மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தை பிறப்பதற்குள் குழந்தை பிறந்துவிடும் என்று மருத்துவர் சொல்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். நாம் வாழ்கிற இந்த ஏற்பாடு முழுவதும் பேரப்பிள்ளைகள் காலத்தில் குலைந்துவிடும், அன்றைக்கு மனிதர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், அப்படியிருக்கக் கவிதை எதற்கு என்று எழுதியிருந்தாய். நோட்டுப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டதாகவும் சொல்லியிருந்தாய். அறையில் நாம் ஒன்றாக இருந்த காலத்தில், எனக்குக் காய்ச்சல் வந்தாலும் புதிதாக எழுதியதைப் படித்துக் காட்டாமல் தூங்கமாட்டாயே, அந்த நீயா இப்படி எழுதுகிறாய் என்று வருத்தமாக இருந்தது.

நான் கண்ட இரண்டு ஆண்டுகளைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறக்கப்பட்ட நீரும் ஊரெல்லாம் பெய்த மழையும் அடையாற்றில் சேர்ந்து வந்தபோது, எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் கழுத்தளவு தண்ணீர். பதினொரு குடும்பங்களும் இரண்டாம் மாடியின் இரண்டு வீடுகளில் மூன்று நாள் இருந்தோம். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஈராண்டுகளாகப் பேசாமலிருந்த இரு வீட்டார் ஒரே பானையில் கஞ்சி வைத்தார்கள். மாடிப்படிக்குக் கீழே தங்கியிருந்த இஸ்திரிக்காரர் வேறு எதையும் எடுக்க முடியாமல் கரிமூட்டையை மட்டும் தலையில் தூக்கி வந்திருந்தார். எரிவாயு தீர்ந்த பிறகு எங்களுக்குச் சோறு பொங்கியது அந்தக் கரிதான்.

அதில் ஒரு துண்டை எடுத்து முதல் மாடி வீட்டுப் பையன் படிக்கட்டுச் சுவரில், தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் மணியை எழுதினான். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கோடு. மறுநாள் காலையில் கோடுகளுக்குக் கீழே மீன்கள் வந்துவிட்டன, ஒரு படகும் வந்தது. யார் யார் எந்த அறையில் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு பாட்டி சொல்லச் சொல்ல, எல்லோரையும் சின்னச் சின்ன உருவங்களாக அவன் வரைந்தான். தண்ணீர் வடியத் தொடங்கியபோது, புதிய கோடு பழைய கோட்டுக்குக் கீழே விழுந்ததைப் பார்த்துப் பெரியவர்கள் அழுதோம். அந்த மூன்று நாளும் எங்களைக் காத்தவற்றில் அந்தச் சுவரும் ஒன்று என்றே நான் சொல்வேன்.

அடுத்தது 2019 கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் கொண்டுவந்தார்களே, அந்தக் கோடை. அதே கட்டடம், பெரும்பாலும் அதே மனிதர்கள். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டோம். குடத்துக்குக் கணக்கு வைத்தோம். வசதியிருந்த நான்கு வீட்டார் தங்களுக்கென்று தனி லாரி வரவழைத்துக்கொண்டார்கள். நானும் ஒரு நாள் விடிவதற்கு முன் எழுந்து யாருக்கும் தெரியாமல் இரண்டு டிரம் நிரப்பினேன். இஸ்திரிக்காரருக்கு நாளொன்றுக்கு ஒரு வாளி தரலாமா என்று கூட்டம் போட்டுப் பேசி, முடியாது என்று தீர்மானித்தோம். கை தூக்கியவர்களில் நானும் இருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கோடையில் சுவரில் யாரும் எதுவும் வரையவில்லை.

நான்கே ஆண்டுகளில் எங்கள் குணம் மாறிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளம் எல்லோர் கண்முன்னேயும் ஒரே இரவில் வந்தது, எல்லோரையும் ஒரே மாடிக்கு ஏற்றியது. வறட்சி மெதுவாக வந்தது. காசுள்ளவன் அதிலிருந்து தனியாக ஒதுங்கிக்கொள்ள வழி இருந்தது, அந்த வழி இருந்ததாலேயே மற்றவர்களும் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கத் தொடங்கினோம். ஆகவே நான் அஞ்சுவது நீ எழுதிய பெரிய முறிவைக் காட்டிலும் மெதுவாக நிகழும் சிதைவைத்தான்.

தாது வருடப் பஞ்சம் அப்படிப்பட்டதுதான். 1876 முதல் 1878 வரை ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் காவலுடன் அடுக்கப்பட்டிருந்தன. நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமென்று, பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சகால உழைப்பில் வெட்டியது. பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் பக்கம் போகும்போதெல்லாம் கீழே தெரியும் அந்தக் கறுத்த நீரைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஆனால் அதே ஆட்சியில் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், அந்த உணவில் உழைக்கிற உடல் தேறாது என்று விடாமல் வாதாடினார். ஒரே ஆட்சியில் அளவைக் குறைத்த கையும் இருந்தது, அளவைக் கூட்டச் சொன்ன குரலும் இருந்தது. மனித இயல்பு எது என்று நீ கேட்டால், இந்த இரண்டையும் சேர்த்துத்தான் என்னால் காட்ட முடியும்.

அந்தப் பஞ்சத்தைப் படமெடுத்த ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரியின் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறாயா? எலும்பும் தோலுமான மனிதர்களைக் குழுவாக அமர்த்தி எடுத்தவை. அவை இல்லாவிட்டால் அந்தக் கொடுமையை நாம் கண்ணால் அறிந்திருக்கமாட்டோம் என்பது உண்மை. ஆயினும் அவற்றைப் பார்க்கும்போது எனக்கு உடல் நடுங்குகிறது. எடுத்தவர் அந்தப் பசிக்கு வெளியே நின்றவர். எங்கள் கட்டடத்துப் பையன் தண்ணீருக்கு உள்ளே நின்று கோடு இழுத்தான், தன்னையும் அந்த உருவங்களில் ஒன்றாக வரைந்தான். நீ எழுதிய கவிதைகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை, அதனால்தான் பரணை நினைத்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. 2019இல் யாராவது ஒருவர் அந்த வாளியைப் பற்றி நான்கு வரி எழுதிப் படிக்கட்டில் ஒட்டியிருந்தால், நாங்கள் இன்னொரு முறை கூட்டம் போட்டிருப்போம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த மாதம் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். படிக்கட்டுச் சுவரில் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடும்படி கேட்டேன். சங்கத்தில் ஒப்புக்கொண்டார்கள், பெயின்டரும் சுற்றி அடித்துத் தருவதாகச் சொன்னார். இஸ்திரிக்காரர் இப்போது தெருமுனையில் வண்டி போட்டிருக்கிறார். துணி கொடுக்கப் போகும்போது அந்த வாளியைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். இந்த வாரம் பேசிவிடுவேன்.

பொங்கலுக்குப் பிறகு நீ குழந்தையைப் பார்க்க வரும்போது பரணில் இருப்பதை எடுத்துக்கொண்டு வா.

உன் பழைய அறைத்தோழன்