வரவேற்பாளர் அல்ல, ஏற்பி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் கஞ்சா கட்டுரையில் ‘கஞ்சாவுக்கென்றே நம் மூளையில் வரவேற்பாளர்கள் இருக்கின்றன’ என்று ஒரு வரி. பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்கிறார்கள் போலும்! நிற்பது உயர்திணையா அஃறிணையா என்றுகூட முடிவாகவில்லை. செல்லின் மேலிருந்து ரசாயனச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ரிசப்டருக்கு ஏற்பி என்று நல்ல சொல் இருக்கிறது. 31 வருடம் அதைக் கரும்பலகையில் எழுதியவன் நான்.

சொல்லோடு போயிருந்தால் விட்டிருப்பேன். ப்ளஸ் டூ படிக்கும் என் பேரன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வந்து, “மூளையே அதுக்கு இடம் போட்டு வச்சிருக்காம் தாத்தா” என்றான். கிண்டல்தான். ஆனாலும் தோசை திருப்பிக்கொண்டிருந்த அவன் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த இடம் கஞ்சாவுக்குப் போட்டதல்ல. மூளை தானே தயாரிக்கும் சரக்குக்கு. ஏற்பியை 1988-இல் அமெரிக்காவில் அடையாளம் கண்டார்கள். அந்தச் சரக்கு 1992-இல் ஜெருசலேமில், வேதியியலாளர் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் கிடைத்தது. பெயர் ஆனந்தமைடு, நம் ‘ஆனந்தம்’தான். தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்கும் சொல்லியிருக்கலாம்.

நரம்புச் செய்தி வழக்கமாக அனுப்பும் செல்லிலிருந்து பெறும் செல்லுக்குப் போகும். இந்த வகைப் பொருட்கள் எதிர்த்திசையில் போகும். பந்தியில் பரிமாறுபவரிடம் இலைமேல் கையை மறித்துப் ‘போதும்’ என்கிறோமே, அதுதான். கொஞ்ச நேரம், அந்த இலைக்கு மட்டும். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியோ கண்ட இலைமேலெல்லாம் கை வைத்துவிட்டு மணிக்கணக்கில் எடுப்பதில்லை. அப்படி நின்றுபோகும் செய்தி, செல்லைத் தூண்டிவிடும் குளூட்டமேட்டாகவும் இருக்கலாம், அடக்கிவைக்கும் காபாவாகவும் இருக்கலாம். ஒருவன் சிரிக்க இன்னொருவன் நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். என் பழைய மாணவன் ஒருவன் அதை இழுத்துவிட்டு, செத்துவிடுவேன் சார் என்று விடிய விடிய என் திண்ணையில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் வரவேற்றதாகத் தெரியவில்லை.

இதே ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட் மாத்திரை 2006-இல் ஐரோப்பாவில் வந்தபோது ‘தொப்பைக்கு டாட்டா’ என்று அரைப்பக்கம் போட்டீர்கள். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வருகிறதென்று 2008-இல் விற்பனையை நிறுத்தினார்களே, அதற்கு ஒரு பெட்டிச் செய்தி உண்டா? அப்போது நான் எழுதிய கடிதம் வரவே இல்லை. போன வருடம் எழுதியது வந்தது. இரண்டு வரியாக, என்னைக் கோபிசெட்டிபாளையத்துக்குக் குடிமாற்றி.

சரி, அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் ‘வரவேற்பாளர் என்பதை ஏற்பி என்று திருத்திப் படிக்கவும்’ என்று போடுங்கள். ஊர்ப் பெயரையும் பார்த்துப் போடவும்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்