சிறு பயனர் குழுக்களுக்குத் தனி அரங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் திட்டங்கள் சிறு எண்ணிக்கையிலான பயனர்களுக்கெனத் தனிக் கலந்துரையாடல் குழு அமைப்பது வீண் வேலை என்றும், எல்லாரும் ஒரே பொது அரங்கில் பேசினாலே போதும் என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் துணையோடு கணினியைக் கையாளும் பார்வை மாற்றுத்திறனாளி என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற செயலியின் புதிய பதிப்பை நிறுவியதும், கருவிப்பட்டையில் எந்தச் சின்னத்தின்மேல் சென்றாலும் "பொத்தான்" என்ற ஒரே சொல்தான் காதில் விழுந்தது. சேமிப்பது எது, அழிப்பது எது என்று தெரியாமல் பொதுக் குழுவில் கேட்டேன். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்ததால் வந்த பதில் அது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. திரைவாசிப்பான் பயனர்களின் குழுவில் அதே கேள்வியைக் கேட்டபோது, பொத்தான்களுக்குப் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்ற காரணமும், விசைப்பலகை வழியாகச் சமாளிக்கும் முறையும் அன்று மாலையே கிடைத்தன. ஆகவே ஆள் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளாமல், ஒருவரின் கேள்வி பொது அரங்கில் விளங்குமா என்பதையே பார்க்க வேண்டும்.

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதிக்கெனத் தனிக் குழு நெடுங்காலமாக உள்ளது. அக்குழுவினரின் உழைப்பால், 2013-இல் வெளியான டெபியன் 7-ஆம் பதிப்பைக் கணினியில் ஏற்றும் நிரலான நிறுவியிலேயே, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் பேச்சொலி இடம்பெற்றது. தொடக்க ஒலி கேட்டதும் 'எஸ்' விசையையும் பிறகு உள்ளிடு விசையையும் அழுத்தினால், பிரெயில் கருவி இல்லாதவரும் பிறர் துணையின்றி இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள வழி பிறந்தது.

தனிக் குழு அமைத்தால் அது புறக்கடையாகிவிடும் என்ற அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நிரலாளர் எவரும் எட்டிப் பார்க்காத குழுவில் எங்களுக்குள் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாமே தவிர, குறை தீராது. முதன்மை நிரலாளர் ஒருவரேனும் அதில் இருந்து, அங்கு சொல்லப்படும் வழுக்களை, அதாவது மென்பொருள் குறைகளை, திட்டத்தின் பொதுப் பதிவேட்டில் ஏற்றவும், புதிய பதிப்புகளை வெளியீட்டுக்கு முன்பே அக்குழுவிடம் சோதனைக்குத் தரவும் வேண்டும்.

தமிழில் கட்டற்ற செயலிகளை உருவாக்கும் அன்பர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன். சோதனைப் பதிப்பைத் தந்தால், ஒவ்வொரு பொத்தானாகக் கேட்டுப் பார்த்துக் குறை சொல்ல என்போன்றோர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியர் ஒருவர்,
மதுரை.