புறாக் கணக்கு

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இங்கே கேப்டவுனில் நலம். அக்காவுக்குத் தையல் ஆறிவிட்டது. குழந்தை பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். நீயும் இப்படித்தான் இருந்தாய். வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போனை எடுத்தேன், பாதிக்கு மேல் பேச வரவில்லை. அதனால் தாளில் எழுதி, மாப்பிள்ளையிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப் போகிறேன். அவர் படித்தாலும் படிக்கட்டும்.

பத்து நாளாக வெளியே கால் வைக்க முடியவில்லை. அப்படி ஒரு காற்று. தென்கிழக்கிலிருந்து வீசும் இந்தக் காற்றுக்கு இந்த ஊர்க்காரர்கள் டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஊரில் இருக்கிற நோயையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமாம். நேற்றுதான் கொஞ்சம் அடங்கியது. மாப்பிள்ளை ஆபீஸ் போகிற வழியில் என்னைப் பாய்டன்கான்ட் தெருவில் ஒரு பழைய மெத்தடிஸ்ட் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, "மாமா, உங்களுக்கு இது பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டேபிள் மலை, கடற்கரை, திராட்சைத் தோட்டம் என்று எல்லாரும் சுற்றிக்காட்டுகிற ஊரில் எனக்கு மட்டும் ஏன் சர்ச் என்று நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

உள்ளே இருந்தது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியம். 1867இல் கேப்டவுன் நகராட்சி பிரித்த ஆறாவது வட்டம், அதுதான் பேர். துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் கப்பல் கூலிகள், தையல்காரர்கள், சலவை செய்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் பிள்ளைகள், மலாய்க்காரர்கள், ஐரோப்பாவிலிருந்து ஓடி வந்த யூதர்கள், நம் ஆட்கள் கொஞ்சம் என்று எல்லாரும் ஒட்டி ஒட்டி இருந்த இடம். 1966 பிப்ரவரி 11ஆம் தேதி, இது இனிமேல் வெள்ளைக்காரர்களின் பகுதி என்று தென்னாப்பிரிக்க அரசாங்கம் அறிவித்தது. அதற்கு வேண்டிய சட்டத்தை 1950லேயே போட்டு வைத்திருந்தார்கள். 1968 முதல் எண்பதுகளின் தொடக்கம் வரைக்கும் சுமார் 60,000 பேரைக் கிளப்பி ஊருக்கு வெளியே மணல்காட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வீடுகளை புல்டோசர் வைத்து இடித்தார்கள். சர்ச், மசூதிகளை மட்டும் தொடவில்லை. சாமிக்குப் பயந்தார்களாம்! குடியிருந்த ஆளுக்குப் பயப்படவில்லை.

நுழைந்ததும் உன் அப்பா செய்த காரியத்தைக் கேள். தரை முழுக்க அந்தப் பேட்டையின் தெரு வரைபடத்தைப் பெரிதாகத் தீட்டி, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள். மிதித்துக்கொண்டு நடக்கத்தான் வைத்திருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வழிகாட்டுகிற அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. அவரும் அங்கே பிறந்து வளர்ந்தவர்தான், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குனிந்து படத்தில் ஒரு சந்து இருந்த இடத்தைக் காட்டினார். அங்கே பேனாவால் குடும்பப் பேர் எழுதியிருந்தது. அதுதான் அவர் வீடாம். அப்புறம்தான் கவனித்தேன், தெருத்தெருவாக இப்படிப் பேர்கள். வீடு இடிபட்டவர்கள் திரும்பி வந்து, தங்கள் வாசல் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் கையால் எழுதியவை. பேட்டையைத் துடைத்தெடுத்ததும் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதானே? அதே மாதிரி படத்தில் இவர்கள் தங்கள் பேரைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். டிராஃப்ட்ஸ்மேனான உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தெருப் பெயர்ப் பலகைகளை ஏணி மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சரக்கு எண்ணிக் கணக்கெழுதிய டாலி கிளார்க் புத்தி போகுமா? எண்ண ஆரம்பித்தேன், இரண்டு தடவை கணக்கு தப்பியது. 70க்கு மேல் இருக்கும். இடிக்கிற வேலையைப் பார்த்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரரிடம் இதையெல்லாம் கடலில் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கொட்டாமல் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டார். 1994இல் இந்த மியூசியம் திறந்தபோது அந்தப் பலகைகளும் வந்து சேர்ந்தன. அந்த மனுஷனைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெருவை இடித்ததும் அதே கைதானே.

சினிமாக் கொட்டகைக்கு இவர்களும் பயாஸ்கோப் என்றுதான் சொல்கிறார்கள், உன் தாத்தா மாதிரியே. ஹனோவர் தெருவில் ஸ்டார், அவலோன் என்று கொட்டகைகள் இருந்தனவாம். மீன்காரர்கள் கொம்பு ஊதிக்கொண்டு வருவார்களாம். அந்தத் தெருப் பேரையே மணல்காட்டில் கட்டிய ஒரு குடியிருப்புக்கு வைத்திருக்கிறார்கள், ஹனோவர் பார்க் என்று. பேர் மட்டும் போய்ச் சேர்ந்தது, தெரு போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிப்போனார்கள். நம்ம தெருவையும் இப்படிக் காலி பண்ணவைத்து, குலுக்கல் சீட்டு எடுத்து யாருக்கு எந்த பிளாக் என்று சொன்ன அந்தக் காலை நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆப்பக்கடை ஆயாவுக்கு 40ஆவது பிளாக், நமக்கு 112. அதோடு அந்த ஆப்பமும் போயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எல்லாரும் அங்கே ஒரு தாய் பிள்ளை மாதிரி இருந்தோம் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது, நம்ம தெருவைப் பற்றி நானே இப்படி அளந்தது ஞாபகம் வந்தது. கால்வாய் நாற்றத்தையும், ஒரே கழிப்பறைக்கு நின்ற வரிசையையும், சனிக்கிழமை ராத்திரி கத்திக் குத்தையும் விட்டுவிட்டுத்தான் அளப்பேன். அந்த அம்மாவிடமே கேட்டேன். மறைக்கவில்லை. ரௌடிக் கும்பல்கள் உண்டு, வீட்டுக்காரன் ஒரு ஓடுகூட மாற்றித் தரமாட்டான் என்றார். இன்னொன்றும் சொன்னார். 1901இல் பிளேக் வந்தபோதே அங்கே இருந்த கறுப்பின மக்களைத்தான் முதலில் விரட்டினார்களாம். ஆகவே எல்லாரும் ஒன்றாக இருந்தோம் என்பதிலும் ஒரு ஓட்டை உண்டு. இதையெல்லாம் சொல்கிற மியூசியம் என்பதால் எனக்கு மரியாதை கூடியது.

நொம்வுயோ என்கிற பெண்மணி வளர்ந்த அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். படுக்கை, சாப்பாடு, சமையல், விருந்தாளி எல்லாம் அந்த ஒரே அறையில். நான் வாசலில் நின்றபடியே கண்ணால் அளந்தேன். நம்ம வீட்டைவிட ஒரு முழம் பெரிதோ என்னவோ. மேசை மேல் விரிப்பைப் பார்த்ததும் உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். கூரை ஒழுகினாலும் டிரங்குப் பெட்டி மேல் பூப்போட்ட துணி இருக்கணும் அவளுக்கு.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே நூர் எப்ராகிம் என்பவரின் கதை ஒன்றைச் சொன்னார்கள். அவருடைய தாத்தா 1890 வாக்கில் சூரத்திலிருந்து வந்து, அந்தப் பேட்டையில் ஜிஞ்சர் பீர் காய்ச்சி விற்றவர். பேரன் நூர், எங்கே விட்டாலும் கூட்டுக்குத் திரும்பி வருகிற ஹோமர் புறா வளர்த்தார். உன்னை மாதிரி. வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஆத்லோன் என்கிற இடத்துக்குக் குடிபோய், புறாக்களையும் கையோடு கொண்டுபோனார். புது இடத்தில் கூண்டு கட்டி, பல மாதம் வெளியே விடாமல் பழக்கினார். ஒரு நாள் திறந்துவிட்டார். சாயங்காலம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பழைய இடத்துப் பக்கம் வண்டியைத் திருப்பியிருக்கிறார். வீடு இருந்த இடம் வெறும் தரை. அந்தத் தரையில் ஐம்பது புறாவும் உட்கார்ந்திருந்தன. இவர் கிட்டே போனபோதும் பறக்கவில்லையாம்.

அந்த அம்மா இதைப் பலமுறை சொல்லியிருப்பார், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கூட இருந்த வெளிநாட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வம், உன் புறாக்கள் பறந்து போகவில்லை. நான் விற்றுவிட்டேன்.

அரையாண்டுப் பரீட்சைக்கு நடுவில் நம்மைக் காலி பண்ணச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். இரண்டு குடும்பத்துக்கு ஒரு லாரி. கூண்டு, கோழி எதையும் ஏற்றக்கூடாது என்று டோக்கன் கொடுத்த ஆள் சொல்லிவிட்டான். புது வீடு மூன்றாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே ஒரு அடி இடம் கிடையாது. கையிலும் காசு இல்லை. நீ பரீட்சை எழுதப் போயிருந்த ஞாயிறு என்று சொல்ல வந்தேன், ஞாயிற்றுக்கிழமை ஏது பரீட்சை. நீ அத்தை வீட்டில் படித்துக்கொண்டிருந்தாய். மூன்று ஜோடியையும் கோணிப்பையில் போட்டு பிராட்வே சந்தைக்குக் கொண்டுபோனேன். 400 ரூபாய் கொடுத்தான். அதில்தான் அரிசியும், சாமான் கட்டக் கயிறும் வாங்கினேன்.

உன்னிடம், திறந்துவிட்டேன், புது வீட்டைத் தேடி வந்துவிடும் என்றேன். "ஹோமர் புது இடத்துக்கு வராதுப்பா, பழைய இடத்துக்குத்தான் போகும்" என்றாய். பதினொரு வயதுப் பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பார்.

அப்புறம் ஆறேழு ஞாயிறு, மூன்று பஸ் மாறி நீ போனாய். விளையாடப் போகிறேன் என்றுதான் சொல்வாய். டவுசர் பையில் கம்புத் தானியம் இருப்பதை அம்மா துவைக்கும்போது பார்த்துச் சொன்னாள். ஒரு வாரம் உன் பின்னாலேயே வந்தேன். ரயில் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். இடித்துப் போட்ட செங்கல் நடுவில் நம்ம வாசற்படி மட்டும் முழுசாக இருந்தது. அதில் உட்கார்ந்து கம்பை இறைத்தாய். கோயில் புறாக்கள் கொஞ்சம் வந்தன. நீ குத்துக்காலிட்டு ஒவ்வொன்றின் காலையும் பார்த்தாய், வளையம் இருக்கிறதா என்று. நான் இறங்கி வந்து சொல்லியிருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வேறு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நேற்று மத்தியானம் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் இருந்த இடத்தையும் நடந்துபோய்ப் பார்த்தேன். ஒரு பகுதியில் காலேஜ் கட்டியிருக்கிறார்கள். மற்றது இத்தனை வருஷம் கழித்தும் பெரும்பாலும் புல்தரைதான், நடுநடுவே மசூதி, சர்ச். வெள்ளைக்காரர்களுக்கு என்று பிடுங்கினார்களே தவிர, கட்ட ஆள் வரவில்லை. மண்டேலா 2004இல் வயதான இரண்டு பேருக்கு வீட்டுச் சாவி கொடுத்து, திரும்பி வருவதைத் தொடங்கி வைத்தார். அதிலிருந்து நத்தை வேகம்தான். ஒன்று மட்டும் என்னை யோசிக்க வைத்தது. சொந்த வீட்டுக்காரர் மட்டுமில்லை, வாடகைக்கு இருந்தவர்களும் உரிமை கேட்க இங்கே சட்டத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். நம்ம ஊரில் நம்மிடம் பட்டா இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டு தலைமுறை இருந்ததைக் காட்ட என்னிடம் ரேஷன் கார்டுதான் இருந்தது.

ஒவ்வொரு பிப்ரவரி 11ஆம் தேதியும் பழைய குடிகள் அங்கே கூடி ஆளுக்கொரு கல்லை ஒரு குவியலில் வைப்பார்களாம். நான் போன அன்று யாரும் இல்லை. காற்று மறுபடி கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து, குழந்தையின் தடுப்பூசிச் சீட்டுக்குப் பின்னால் நம்ம தெருவைப் போட்டுப் பார்த்தேன். கால்வாய்ப் பக்கம் 14 வாசல், சுவர்ப் பக்கம் 17. அக்கா சத்தம் போட்டாள், அதனால் வேறு தாளில் எடுத்து எழுதியிருக்கிறேன். நாலு வாசலுக்குப் பேர் வரவில்லை. கோணி தைக்கிறவருக்குப் பக்கத்தில், ஒரு விரல் இல்லாத தாத்தா இருந்தாரே, உனக்கு மாஞ்சா போடக் கற்றுக்கொடுத்தவர், அவர் பேர் நுனி நாக்கில் நிற்கிறது. குழாயடிக்கு எதிர்வீடும் தெரியவில்லை. நீ இதை கம்ப்யூட்டரில் போட்டுத் தா. அளவு முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, பேர் எழுத இடம் விடு. ஆப்பக்கடை ஆயாவின் பேத்தி இன்னும் 40ஆவது பிளாக்கில்தான் இருக்கிறாள். ஊருக்கு வந்ததும் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுகிறேன், அவளுக்கு நாலைந்து பேர் தெரியும்.

நம்ம வீட்டுக் கூரை மேல் கூண்டையும் போடு. அதற்குப் பக்கத்தில் மினிஸ்டர், கருவாயன் என்று இரண்டு பேர் நான் எழுதிவிட்டேன். மற்ற நாலின் பேர் உனக்குத்தான் தெரியும். என் மேல் கோபம் இருந்தால் போன் பண்ண வேண்டாம், அந்த நாலு பேரை மட்டும் எழுதி அனுப்பு.

உன்,
அப்பா