மலையில் சைக்கிள் மிதிப்பவர்களும் உங்கள் வாசகர்கள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சைக்கிள் வாங்குவது பற்றி இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி. "ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் சைக்கிள் விடுமுறைப் பொழுதுபோக்குக்கு மட்டுமே, அன்றாடப் போக்குவரத்துக்கு உதவாது" என்று முடித்திருந்தீர்கள். இதை நான் படித்தது குன்னூரில், நான் கணக்கு எழுதும் தேயிலைக் கிடங்கில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். அன்று காலையும், ஊட்டிச் சாலையில் மேலே இருக்கும் எங்கள் ஊர் எல்லநள்ளியிலிருந்து சைக்கிளில்தான் வந்திருந்தேன். பல வருடங்களாக அப்படித்தான் வருகிறேன். பொழுதுபோக்குக்காக யாரும் காலை எட்டு மணிக்கு அருவங்காடு வழியாகக் கிடங்குக்கு வருவதில்லை.

உங்கள் கட்டுரையாளர் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி வளைவு வளைவாக வந்திருப்பார், வயிற்றைப் புரட்டியிருக்கும், மலை முழுக்க இப்படித்தான் என்று முடிவு கட்டியிருப்பார். நாங்கள் யாரும் தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி வேலை பார்த்துவிட்டு ஏறி வருவதில்லை ஐயா. மேலே குடியிருப்பவர்கள் மேலேயேதான் வேலைக்குப் போகிறோம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், உதகை 2,240. நடுவில் சாலை 18 கிலோமீட்டர் சொச்சம். கணக்குப் போட்டால் சராசரியாக நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர்தான் ஏற்றம். இடையில் ஏறி இறங்குவது இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலை ரயிலைப் பாருங்கள். அடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதற்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. குன்னூரிலிருந்து உதகைக்கு அதே ரயில் பல்சக்கரம் இல்லாமல்தான் போகிறது. 1908-லிருந்து போய்க்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா?

பல்சக்கரம் என்றதும் ஞாபகம் வருகிறது. "மலைக்குப் போகிறவர்கள் குறைந்தது 21 கியர் உள்ள சைக்கிளாகப் பார்த்து வாங்கவும்" என்றும் எழுதியிருந்தீர்கள். 21 என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் வரும் எண். அவ்வளவுதான். அதில் பாதி ஏறக்குறைய ஒரே கியராகத்தான் வரும். ஏற்றத்துக்கு வேண்டியது ஒரே கேள்வி: முன்னால் இருப்பதிலேயே சின்ன பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருப்பதிலேயே பெரியதில் எத்தனை பல்? முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருந்தால் ஏற்றத்தில் மிதிப்பது லேசு. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் இதைக் கேட்டேன். விற்பனைப் பையன் "21 கியர் மேடம்" என்றான். பல் எத்தனை தம்பி என்றேன். "இம்போர்ட்டட் மேடம்" என்றான். அப்புறம் "பையனுக்கா மேடம்?" என்று கேட்டான். நானே குனிந்து, பாலிதீன் உறையை விலக்கி, எண்ணினேன். முன்னால் 24, பின்னால் 28. அதே வண்டியில் பின்னால் பெரியதில் 34 பல் வருகிற ஃப்ரீவீல் (பின் பல்சக்கர அடுக்கு) போட்டுத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் என் பின் சக்கரம் முக்கால் சுற்றுகூட முழுதாகச் சுற்றாது. நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் மூச்சு வாங்காது. மாலையில் கேத்தி ஏற்றத்தில் எனக்கு அது போதும்.

ஏறுவதாவது பரவாயில்லை. இறங்குவது பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. சமவெளியில் பிரேக் என்பது நிற்பதற்கு. எங்களுக்கு அது வழி முழுக்க வேலை செய்ய வேண்டிய சாமான். இரும்பு ரிம்மும் ரப்பர் பிரேக் கட்டையும் மழையில் நனைந்தால் பிடித்தும் பிடிக்காத மாதிரிதான். வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், கட்டையிலிருந்து கறுப்புச் சாந்து மட்டும் வழியும். அதனால்தான் டிஸ்க் பிரேக் வாங்கினேன். அதையும் பிடித்த பிடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிவிடும்; சாரலில் ஒரு துளி அதன்மேல் விழுந்து சுர்ரென்று ஆவியாவதைப் பார்த்திருக்கிறேன். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் பேட் தேய்ந்துவிட்டால் தேங்காய் துருவுகிற சத்தம் வரும். மறுநாளே மாற்றிவிடுவேன். இதையெல்லாம் எழுத இடமில்லை, ஆனால் கூலிங் கிளாஸுக்குத் தனிப் பத்தி. நவம்பர் மாதம் குன்னூர்ப் பக்கம் வந்து பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு எதைப் பார்ப்பீர்கள் என்று.

நீங்கள் வாங்கச் சொன்ன, உட்காருமிடத்தில் மெத்தை வைத்த அரைக்கால் நிக்கரும் அப்படித்தான். அதைப் போட்டுக்கொண்டு கிடங்கில் போய் உட்கார்ந்தால் மேலாளர் என்ன சொல்வார் என்று கட்டுரையாளர் யோசித்தாரா தெரியவில்லை. நான் சுடிதார்தான் போடுகிறேன். கியர் வண்டிகளில் முழு செயின் கவர் வராது. வலது கால் பேன்ட்டை ஒட்டுப்பட்டை வைத்து இறுக்கிக் கட்டாவிட்டால் செயின் தின்றுவிடும். துப்பட்டா பைக்குள். மட்கார்டு முன்னும் பின்னும் முழுநீளத்துக்கு வேண்டும். உங்கள் படத்தில் இருந்த அழகான சைக்கிளில் மட்கார்டே இல்லை. அதில் மழைநாளில் வேலைக்குப் போனால் முதுகில் நடுக்கோடு போட்ட மாதிரி சேறு இருக்கும். கைக்கு, ஊட்டி திபெத்தியர் கடையில் வாங்கிய கம்பளி உறை. மழை என்றால் அதன்மேல் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் உறை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். விரல் விறைத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்க முடியாது, அது தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

குளிரைப் பற்றி உங்களிடம் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஜனவரியிலும் புல்வெளியெல்லாம் வெள்ளையாக ஒரு படம் போட்டு, "உறைபனி: சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்" என்று கீழே எழுதுவீர்கள். அந்த நேரத்தில் பால் கேனோடும், தோட்டத்து வேலைக்கும் கிளம்பிப் போகிறவர்களின் உற்சாகத்தை யாராவது கேட்டதுண்டா? வருடா வருடம் அதே தலைப்புத்தான். உங்கள் பத்திரிகையால் குளிர்காலத்தில் எனக்குப் பிரயோஜனமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இறக்கத்தில் நெஞ்சில் காற்றடிக்காமல் இருக்கச் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் செய்தித்தாளை மடித்து வைப்பது சைக்கிள்காரர்களின் பழைய வழக்கம். பிரான்ஸில் பந்தய வீரர்களும் மலை உச்சியில் அப்படித்தான் செய்வார்களாம். உங்கள் ஞாயிறு இணைப்பு அதற்கு நல்ல கனம்.

விளக்குக்கு வருகிறேன். ஆயிரம் லூமன் வெளிச்சம் அடிக்கிற பெரிய விளக்காக வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். பனிமூட்டத்தில் அந்த வெளிச்சம் அப்படியே திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், எதிரில் வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி. மங்கலான விளக்கை ஹேண்டிலில் வைக்காமல் கீழே, முன் சக்கரத்தின் பக்கம் கட்டினால் சாலை தெரியும். பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு, ஒன்று அணைந்தாலும் இன்னொன்று இருக்க. அப்புறம் மணி. பட்டியலில் அதைச் சேர்க்கவே இல்லை. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் காட்டெருமை நிற்கும். வளைவில் திடீரென்று அதன் மூக்கருகே போய் நிற்பதைவிட, தூரத்திலேயே மணியடித்துக்கொண்டு வருவது இரண்டு பேருக்கும் மரியாதை.

காட்டெருமை வழி விட்டுவிடும். வேன்கள்தான் விடாது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறுகிற சைக்கிளுக்கும் அது பொருந்தும் என்று சீசன் நேரத்தில் வருகிற ஓட்டுநர்களுக்கு யார் சொல்வது? 2024 மே மாதம் ஊட்டிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதி) வந்தபோது பயணிகளுக்கு எவ்வளவு சிரமம் என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். உள்ளூரில் சாலையோரம் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறவர்களைப் பற்றி ஒரு வரி வந்திருந்தால் நான் பார்க்கத் தவறியிருக்க மாட்டேன்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன், சமவெளியில் எத்தனையோ பெண் பிள்ளைகள் அதனால் படித்திருக்கிறார்கள். என் மகளுக்கும் கிடைத்தது. கியர் இல்லாத வண்டி. முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. எங்கள் ஊர் மேட்டில் அதை யார் மிதிப்பது? பள்ளியிலிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தாள். இப்போது அது மேட்டுப்பாளையத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறது, அவன் அதில் பால் வாங்கப் போகிறான். மலை மாவட்டத்துக்காவது கியர் வைத்துக் கொடுங்கள் என்று உங்களுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். "இலவச சைக்கிள்: வாசகி மகிழ்ச்சி" என்று தலைப்புப் போட்டு, முதல் இரண்டு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி.

சரி, இப்போது எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன். பெட்டிச் செய்திக்குத் திருத்தம் போடுங்கள் என்று கேட்கப் போவதில்லை, போடமாட்டீர்கள். குன்னூர் கடைவீதிப் பக்கம் சாலையின் குறுக்கே போகும் மழைநீர்க் கால்வாய்க்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருக்கிறார்கள். கம்பிகள் சாலை போகிற திசையிலேயே நீளவாட்டில் இருக்கின்றன. இரண்டு கம்பிக்கும் நடுவில் என் டயர் அளவெடுத்த மாதிரி உள்ளே போகிறது. இறக்கத்தில் வருகிறவர்களுக்கு அந்த இடம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. மூடியைக் கழற்றி, கம்பிகள் சாலைக்குக் குறுக்காக வரும்படி மாற்றிப் பற்றவைத்தால் போதும், ஒரு வெல்டருக்கு அரை நாள் வேலை. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். பத்திரிகையில் வந்தால்தான் நகரும் என்று அங்கே இருக்கிற ஒருவரே என்னிடம் சொன்னார். அளவுகோல் வைத்து எடுத்த படத்தை முன்பே அனுப்பியிருந்தேன், இப்போது மறுபடியும் இணைத்திருக்கிறேன். உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
எல்லநள்ளி, நீலகிரி.

பி.கு.: இடம் பற்றாவிட்டால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கம்பி மூடி பற்றிய பத்தியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.