ஒரே கதை, பல வடிவங்கள்: நூலகத்தில் ஓரிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் புனைகதை இன்று ஒரே வடிவத்தில் முடிந்துவிடுவதில்லை. 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்தில் ஒசைரிஸ் என்ற கலம் அனுப்பிய கடைசிச் செய்தி பற்றிப் பேசப்படுகிறது. அக்கலம் அழிந்த விதம் 'அனிமேட்ரிக்ஸ்' என்ற அனிமேஷன் தொகுப்பிலும், அஞ்சல் பெட்டியில் சேர்த்த அச்செய்தியை மீட்டெடுக்கும் பகுதி கணினி விளையாட்டிலும் இருக்கின்றன. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத் தலையும் வாலும் புரியாமல் போனது அவர்கள் குற்றமன்று. (இதில் வியாபாரக் கணக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.)

தமிழுக்கும் இது புதிதன்று. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, நூலாகி, தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகி, 'மீண்டும் ஜீனோ' என்று நீண்டது (ஜீனோ அக்கதையில் வரும் இயந்திர நாய்). தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. ஓவியத்தோடும் ஒரு வாரக் காத்திருப்போடும் படித்த ஜீனோ வேறு, இன்றைய பதிப்பில் ஒரே மூச்சில் படிக்கும் ஜீனோ வேறு.

மதுரையில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இத்தகைய கதைகளுக்கென ஓர் அலமாரி ஒதுக்கி, நூல், பழைய இதழ்ப் பக்கங்கள், படக்கதை, ஒலி ஒளிப் பதிவுகள் ஆகியவற்றை ஒன்றாக வைத்து, எதற்குப் பின் எதை நாடுவது என்ற வரிசைப் பட்டியலையும் தமிழில் வைக்கலாம். பழைய பைண்டுகள் எடைக்குப் போகும் முன் வாசகர்களிடம் நன்கொடையாகக் கேட்டுப் பெற்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நரிமேடு, மதுரை.