ஆலை நிலத்தில் குடியேறியோருக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பூர், பட்டாளம் பகுதியில் பழைய பின்னி ஆலையின் நிலத்தில் எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் வளாகத்தின் பொது அரங்கை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதம் ஓராண்டுக்கு எங்களுக்குத் தந்துதவ வேண்டும் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். எங்களுக்கு என்று நான் சொல்வது, நீங்கள் இன்று குடியிருக்கும் நிலத்தில் இயங்கிய, பின்னி ஆலை என்று அழைக்கப்பட்ட பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில் உழைத்து ஓய்ந்தவர்களையும், ஆலைச் சுவரையொட்டிய தெருக்களில் அவர்களோடு வாழ்ந்து இன்று நாலாபுறமும் சிதறிப்போன குடும்பங்களையும். என் தந்தை அந்த ஆலையின் தறிக்கூடத்தில் நெசவாளராக இருந்தார். நான் பிறந்து வளர்ந்த லைன் வீட்டுத் தெரு இப்போது இல்லை.

ஆலையின் வரலாற்றைப் பலர் எழுதிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்தனியே தொடங்கப்பட்ட இரண்டு ஆலைகள் 1920இல் ஒரே நிறுவனமானதும், இங்கே நெய்த காக்கித் துணி படைகளுக்கும் போலீசுக்கும் சீருடையானதும், 1996இல் ஆலை மூடப்பட்டதும், அதற்குப் பிறகு அதன் கூடங்களில் சண்டைக்காட்சிகள் படமாக்கப்பட்டதும் தேடினால் கிடைக்கும் செய்திகள்தாம். தேடினாலும் கிடைக்காதது தெரு. முதலாளிகளுக்கு ஆண்டறிக்கை இருந்தது, சங்கத்துக்குத் தீர்மானப் புத்தகம் இருந்தது, போலீசுக்கு வழக்குப் பதிவேடு இருந்தது. அடிபம்புக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் நடந்த வாழ்க்கையை யாரும் எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. அது இருப்பதெல்லாம் சில முதியவர்களின் நினைவில் மட்டுமே. ஆலை மூடப்பட்டபோது முப்பது வயதில் இருந்த தொழிலாளியே இன்று அறுபதை ஒட்டியிருப்பார் என்றால், என் தந்தையின் காலத்தவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த நினைவில் என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் சன்னலில் நனைத்த கோணிச் சாக்கு தொங்கினால், இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் உள்ளே உறங்குகிறார் என்று பொருள். சாக்கு வெளிச்சத்தையும் மறைத்தது, வெயிலில் உள்ளே வரும் காற்றையும் சற்றுக் குளிர்வித்தது. அதைக் கண்டால் உப்பு விற்பவர் குரலெடுக்காமல் நாலு வீடு தாண்டிப் போய்க் கூவுவார். பையன்கள் கோலிக்குண்டைப் பொறுக்கிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார்கள். எந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட் என்பது தெருவில் உள்ள சிறுவனுக்கும் தெரியும். இதை யாரும் விதியாக எழுதி ஒட்டவில்லை, மீறியவருக்கு அபராதமும் இல்லை. ஆயினும் ஒற்றை அறையும் அடுப்படியும் கொண்ட வீடுகளில், சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த நூற்றுக்கணக்கானோர் பகலில் உறங்குபவனின் தூக்கத்தைக் காப்பாற்றினார்கள்.

தறிக்கூடத்தின் இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அதனால் நெசவாளர்கள் கைச்சாடையிலும் உதட்டசைவிலும் பேசப் பழகியிருந்தார்கள். என் தந்தையும் எதிர்வீட்டுக்காரரும் தெருவின் இரு பக்கத்திலும் திண்ணையில் உட்கார்ந்தபடி, ஒரு சொல்லும் வெளியே கேட்காமல், மேஸ்திரியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். விரல்களைக் கத்தரிபோல் அசைத்தால் சம்பளப் பிடித்தம். காதைத் தொட்டால் ஒட்டுக்கேட்பவன் வருகிறான். அந்தச் சாடைகளில் எனக்குத் தெரிந்தவை மிகச் சில. தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதாலேயே அவசரப்படுகிறேன்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று உருவானது இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான் என்பதை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவராகவும் இருந்த அந்தச் சங்கத்துக்கு விதை போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். ஆலைக்கு அருகே இருந்த செட்டியாரின் கடைக்கு அரிசியும் துணியும் வாங்க வந்த தொழிலாளர்கள் அங்கே கொட்டிய குறைகளில் ஒன்று, உணவு இடைவேளை போதவில்லை என்பது. நூல்களில் இது ஒரு வரியாக வந்துபோகும். அந்த ஒரு வரியின் கனம் எங்கள் தெருப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும். என் பாட்டி பல வீட்டுச் சாப்பாட்டை ஒரே கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து ஆலை வாசலுக்குப் போனவர். சங்கு ஊதியதும் வெளியே பாய்ந்து வரும் கூட்டத்தில் தன் கூடையைத் தேடிப் பிடித்து, உண்டு, கைகழுவி, மறு சங்குக்குள் தறிக்குத் திரும்ப வேண்டும் என்பதால், முட்களை நீக்கித்தான் மீனைக் கட்டிக் கொடுப்பார்கள் என்று அவர் சொல்வார். நேரப் பிரச்சினை சங்கத்தின் மேடைக்குப் போகும் முன்பே அடுப்படியில் பேசப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

பழையதெல்லாம் பொன்னென்று சொல்ல நான் வரவில்லை. கோடையில் தண்ணீர் பிடிக்க, குடங்களுக்குப் பதில் கற்களை வரிசையில் வைத்து இடம்பிடிப்போம். கல்லை நகர்த்தினால் மண்டை உடையும். தெருக்கோடியில் இருந்த பொதுக் கழிப்பறைக்கு இரவில் பெண்கள் துணையில்லாமல் போகமாட்டார்கள். சாதி இருந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, அந்தப் பிளவு கலவரமாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் ஆதிதிராவிட மக்களின் பக்கம் நின்று பேச வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து என் சிறுவயதிலும், தெருவின் ஒரு முனையில் இருந்தவர்கள் மறு முனையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். பதிவு செய்யும்போது இதையும் பதிவு செய்ய வேண்டும். தொழிலாளர் ஒற்றுமை என்று மட்டும் எழுதப்படும் கல்வெட்டு எனக்கு வேண்டாம்.

ஆலை மூடிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நகைகள் அடகுக்கடைக்குப் போயின. நெசவாளர்கள் காவலாளிகளாகவும் ஆட்டோ ஓட்டுநர்களாகவும் ஆனார்கள். லைன் வீடுகளை அவற்றின் உரிமையாளர் விற்றுவிட, வாடகைக்கு இருந்தவர்கள் முன்பணத்தை வாங்கிக்கொண்டு புழல், செங்குன்றம், மாதவரம் என்று போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல், சுவரில் கரிக்கோடு போட்டே தீபாவளிச் சீட்டு நடத்திவந்த எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, கடைசிச் சீட்டைக் குறையில்லாமல் பட்டுவாடா செய்துவிட்டுத்தான் வீட்டைக் காலி செய்தார். புது இடத்திலும் சீட்டுப் பிடிக்க முயன்றார். தன்னை நம்பிப் பணம் கொடுக்க அங்கே ஆளில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். இழப்பீட்டுக் கணக்கு எதிலும் இந்த நம்பிக்கைக்கு விலை போடப்படவில்லை.

இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்ல. கடன் வாங்கி, மாதத் தவணை கட்டி, சட்டப்படி வீடு வாங்கியிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. ஆனால் மதில்சுவருக்கு வெளியே இன்னும் எஞ்சியிருக்கும் தெருக்களை "ஏரியா சரியில்லை" என்ற இரண்டு சொற்களில் உங்கள் வளாகத்துப் பிள்ளைகள் கடந்துபோவதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்களிலும், வாசலில் வணக்கம் வைக்கும் காவலாளிகளிலும் ஆலைக் குடும்பத்தினர் இருக்கக்கூடும். இந்த நிலத்தை உங்களுக்கு முன்பே நன்கு அறிந்தவர்கள் அவர்கள்.

ஆகவே இந்தக் கூட்டங்களை வேறெங்கோ வாடகை மண்டபத்தில் நடத்தாமல் உங்கள் அரங்கில் நடத்த விரும்புகிறேன். முதியவர்கள் பேசுவார்கள், அதை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். உங்கள் பிள்ளைகளில் ஆர்வமுள்ளவர்கள் கேள்வி கேட்க வந்தால் மகிழ்வோம். வளாகத்தின் உள்சாலைகளுக்குப் பெயரிடும் வேளை வருமானால், தறிக்கூடம், சாயக்கூடம், நூற்புக்கூடம் ஆகியவை எங்கெங்கே இருந்தன என்று காட்டக்கூடியவர்களை அழைத்து வருகிறேன்.

இக்கோரிக்கையை உங்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்புதல் கிடைத்தால் இரண்டு ஏற்பாடுகள் மட்டும் தேவைப்படும். வருபவர்களில் பலருக்கு மூட்டுவலி இருப்பதால் கூட்டம் தரைத்தளத்தில் நடக்க வேண்டும். அடுத்து, வாசலில் அடையாள அட்டை கேட்டு அவர்களை நிறுத்திவைக்காதபடி காவலாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டாளத்து நெசவுத் தொழிலாளி ஒருவரின் மகள்